மிச்சத்தில் கட்டும் கப்பல்: கணினியில் ஒரு பழைய குரூசரை வடிவமைத்துப் பார்ப்பது எப்படி?

மட்டக்களப்பின் பாலமீன்மடுக் கரையில் மாமாவின் ஃபைபர் படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பூசிக்கொண்டிருந்தோம். 15 குதிரைவலு எஞ்சினை விற்றுவிட்டு 25 வாங்கிப் போட்டால் என்ன என்று அவருடைய மகன் கேட்டான். மாமா தூரிகையை வாளியில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"போடலாம் மகன். ஆனா அது பாரம், பின்பக்கம் தாழும். தாழ்ந்தா ஐஸ் பெட்டிய முன்னுக்குத் தள்ள வேணும். எண்ணெயும் கூடக் குடிக்கும், இன்னொரு கேன் ஏத்த வேணும். கேன் ஏத்தினா வலையக் குறைக்க வேணும். வலையக் குறைச்சிப்போட்டு எதுக்குக் கடலுக்குப் போறது?"

மகன் பேசாமல் பூச்சைத் தொடர்ந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தின இரவு ஒரு மணி வரைக்கும் மடிக்கணினியில் இதே சிக்கலோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வித்தியாசம் என்னவென்றால், என் படகின் எடை கிட்டத்தட்ட 5,000 தொன், வருடம் 1911, வலைக்குப் பதில் பீரங்கி.

ஸ்பிரிங்ஷார்ப் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. நீராவிக் காலத்துப் போர்க்கப்பல்களைக் கற்பனையாக வடிவமைத்துப் பார்ப்பதற்கென்றே செய்தது. சுழற்றிப் பார்க்கிற முப்பரிமாணப் படமெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். நீளம், அகலம், பீரங்கி, கவசம், வேகம் என்று பெட்டி பெட்டியாக எண்களை நிரப்ப வேண்டும். கடைசியில் ஒரு நீண்ட அறிக்கை வரும்: இந்தக் கப்பல் நிற்குமா, கவிழுமா, அலையில் முறியுமா, என்ன செலவாகும், எத்தனை பேர் வேண்டும். கோபம் வருகிற அளவுக்கு நேர்மையான கணக்கப்பிள்ளை அது.

முதல்முறை திறப்பவர்களுக்குத் தலை சுற்றும். எனக்கும் சுற்றியது. அதனால் ஒரேயொரு கப்பலை எடுத்துக்கொண்டு, எண்ணுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சொல்லிப் பார்க்கிறேன். கப்பலுக்குப் பெயர் 'பாடுமீன்', வகை இலகுரக குரூசர். மட்டக்களப்பில் இருந்துகொண்டு வேறென்ன பெயர் வைப்பது?

இலகுரக குரூசர் என்றால் என்ன? பெரிய போர்க்கப்பலோடு மோதுவதற்கான கப்பல் இல்லை. வேகமாக ஓடும், தூரம் போகும், எதிரியின் வணிகக் கப்பல்களைப் பிடிக்கும், நம்முடைய வணிகக் கப்பல்களைக் காக்கும், பெரிய கப்பல் கூட்டத்துக்கு முன்னால் போய் வேவு பார்க்கும். நம் ஆட்களுக்கு இதில் ஒன்றைத் தெரியும், தெரியாமலே தெரியும். பொல்லாத சூரனை 'அவன் ஒரு எம்டன்' என்று சொல்கிறோமே, அந்த எம்டன் ஜேர்மனியின் ஓர் இலகுரக குரூசர். 1914 செப்டெம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்துக்கு முன்னால் வந்து எண்ணெய்த் தாங்கிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அதன் பிறகு இலங்கையைச் சுற்றிய கடற்பாதையில் கப்பல் கப்பலாகப் பிடித்தது. அந்த வருடம் நவம்பர் 9ஆம் தேதி கொக்கோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் அவுஸ்திரேலியாவின் சிட்னி என்ற குரூசர் அதை அடித்து முடித்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிப் பாடம் முடிந்தது. எம்டன் ஏறக்குறைய 3,700 தொன், 118 மீற்றர் நீளம், 10.5 சென்ரிமீற்றர் பீரங்கி 10. சிட்னி 5,400 தொன், 139 மீற்றர், 6 அங்குலப் பீரங்கி 8. எம்டன் 1908இல் நீரில் இறங்கியது, சிட்னி 1912இல். நான்கு வருட இடைவெளிதான். ஆனால் சண்டை தொடங்கும்போதே தராசு சாய்ந்திருந்தது. ஏன் என்பது பீரங்கிக் கணக்கில் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உடம்பு. பாடுமீனுக்கு நான் கொடுத்த அளவுகள்: நீர்மட்டத்தில் நீளம் 135 மீற்றர், அகலம் 14 மீற்றர், நீரில் அமிழும் ஆழம் 5 மீற்றர். இந்த மூன்றையும் பெருக்கினால் 9,450 கனமீற்றர். அது ஒரு செங்கல். கப்பல் செங்கல் மாதிரி இருக்காது, முன்னும் பின்னும் கூராகப் போகும், அடிப்பக்கம் வளைந்து ஒடுங்கும். அந்தச் செங்கலில் எவ்வளவு பங்கைக் கப்பல் நிரப்புகிறது என்பதைத்தான் பிளாக் குணகம் என்கிறார்கள். சரக்குக் கப்பலுக்கு இது 0.8 வரைக்கும்கூடப் போகும், பெட்டி மாதிரி. ஓடுகிற குரூசருக்கு 0.5 பக்கத்தில். நான் 0.50 வைத்தேன். அப்போது 4,725 கனமீற்றர். கடல் நீர் கனமீற்றருக்கு 1.025 தொன். பெருக்கினால் 4,843 தொன்.

இதுதான் இடப்பெயர்ச்சி. கப்பல் ஒதுக்குகிற தண்ணீரின் எடையும் கப்பலின் மொத்த எடையும் ஒன்று. ஆர்க்கிமிடீஸ் சொன்னது, பள்ளியில் படித்தது. ஆனால் பள்ளியில் எனக்குப் புரியாத ஒன்று இந்த மென்பொருளில்தான் புரிந்தது: 4,843 என்பது சட்டி. அகப்பையில் எதை அள்ளுவதானாலும் இந்தச் சட்டியிலிருந்துதான் அள்ள வேண்டும்.

மென்பொருள் கணக்கை எப்படிப் போடுகிறது தெரியுமா? மொத்த எடையை எடுத்துக்கொள்கிறது. அதில் பீரங்கிக்கும் குண்டுக்கும் இவ்வளவு என்று கழிக்கிறது. கவசம், கழி. எஞ்சின், கொதிகலன், கழி. நிலக்கரி, கழி. சில்லறைச் சாமான், கழி. கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதுதான் கப்பலின் உடம்புக்கு, அதாவது உருக்கு விலா எலும்பு, வெளித்தகடு, தளம் எல்லாவற்றுக்கும். பிறகு கேட்கிறது: இவ்வளவு நீளமான, இவ்வளவு பாரம் ஏற்றிய கப்பலுக்கு இந்த மிச்ச உருக்குப் போதுமா? போதும் என்றால் உடல் வலிமை 1.00 என்று காட்டும். கூட இருந்தால் 1.10, 1.20. குறைந்தால் 0.80, 0.60; அது கப்பல் இல்லை, மீன்களுக்குக் கொடுக்கிற வீடு.

சம்பளத்தில் வாடகை, பிள்ளைகளின் ரியூஷன், மோட்டார் சைக்கிள் லீசிங், சீட்டுக்காசு எல்லாம் கொடுத்துவிட்டு மிச்சத்தில் சமைப்பது மாதிரி. கப்பலைக் கட்டுவது மிச்சத்தில்தான். இதை விளங்கிக்கொண்டால் மென்பொருளில் முக்கால்வாசி வேலை முடிந்தது.

எனக்கு இது விளங்காத காலத்தில் செய்த முதல் கப்பலைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 120 மீற்றர் நீளம், 12 மீற்றர் அகலம், 3,200 தொன்னுக்குள். அதில் 6 அங்குலப் பீரங்கி 10, பக்கத்தில் 75 மில்லிமீற்றர் கவசம், வேகம் 28 நொட். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. உடல் வலிமை 0.58 என்று வந்தது. மென்பொருளில் ஏதோ பிழை என்று நினைத்து அதை அழித்துவிட்டு மறுபடியும் நிறுவினேன். மறுபடியும் 0.58.

வேகத்துக்கு வருவோம். மணிக்கு ஒரு கடல்மைல் போனால் ஒரு நொட், ஏறக்குறைய 1.85 கிலோமீற்றர். அறிக்கையில் 'இயல்பு வேகம்' என்று ஒரு வரி வரும். கப்பலின் நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து வர்க்கமூலம் கண்டால் அது கிடைக்கும். பாடுமீனின் 135 மீற்றர் என்பது 443 அடி; வர்க்கமூலம் 21. அதாவது 21 நொட் வரைக்கும் கப்பல் தண்ணீரோடு சமாதானமாகப் போகும். அதைத் தாண்டினால் தானே எழுப்பின அலையின் முதுகில் தானே ஏறுகிற கதை. எஞ்சினின் பலம் கப்பலை ஓட்டுவதை விட்டு அலை உண்டாக்குவதிலேயே கரையும். படகில் போகும்போது த்ரொட்டிலை முறுக்க முறுக்கப் பின்பக்கம் அமிழ்ந்து முன்பக்கம் எழும்புமே, அதேதான். சின்னப் படகு அந்த அலையைத் தாண்டித் தண்ணீருக்கு மேலே வழுக்கத் தொடங்கிவிடும். 5,000 தொன் கப்பலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

தோராயமான விதி: வேகத்தை மும்முறை பெருக்கினால் வருவதற்கு ஏற்பப் பலம் தேவை. பாடுமீன் 25 நொட் ஓட 22,000 குதிரைவலு வேண்டியிருந்தது. 27 ஆக்கினால்? இரண்டே நொட். 27ஐ 25ஆல் வகுத்து மும்முறை பெருக்கினால் 1.26. ஆக 26 சதவீதம் கூட, கிட்டத்தட்ட 27,700 குதிரைவலு. அலைக் கணக்கையும் சேர்த்தால் அதற்கும் மேல். என் எஞ்சின், கொதிகலன் எல்லாம் ஆயிரம் தொன்னுக்குச் சற்று மேலே நிறுத்தின. அதில் 26 சதவீதம் என்றால் 270 தொன் அளவில் கூடும். கப்பலிலுள்ள எல்லாப் பீரங்கியும், அதன் குண்டும், மேடையும் சேர்ந்தே அந்த எடை வராது. இரண்டு நொட்டுக்காக எல்லாப் பீரங்கியையும் கழற்றி எறிய வேண்டும் என்று மென்பொருள் சொல்கிறது. மாமா வலையைச் சொன்னார், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு சாட்சி கல்லடிக்கு நேரே கடலடியில் கிடக்கிறது. பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். சுழியோடிகள் போய்ப் பார்த்து வருகிற கப்பல் என்றுதான் நம் ஊரில் அதைத் தெரியும். 1918இல் கட்டத் தொடங்கிய அந்தக் கப்பலின் உடம்பை ஒரு குரூசரின் உடம்பைப் பார்த்துத்தான் வரைந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. மொத்த நீளம் ஏறக்குறைய 183 மீற்றர், 10,850 தொன், எஞ்சின் 40,000 குதிரைவலு, வேகம் 25 நொட்.

இப்போது இதற்குப் பக்கத்தில் 1913இல் நீரில் இறங்கிய அரெதூசா என்ற பிரித்தானிய இலகுரக குரூசரை வையுங்கள். எஞ்சின் அதே 40,000 குதிரைவலு. எடை 3,500 தொன். வேகம் 28.5 நொட். மூன்று மடங்கு பாரத்தை அதே எஞ்சின் தள்ளியும் ஹேர்மிஸ் வெறும் மூன்றரை நொட்தான் பின்தங்குகிறது. காரணம் நீளம். ஹேர்மிஸின் இயல்பு வேகமே 24 நொட் அளவில் இருக்கும். அதை ஒட்டித்தான் அது ஓடுகிறது. 133 மீற்றர் அரெதூசாவின் இயல்பு வேகம் 21க்கும் கீழே. அந்த எல்லையை மிதித்துக்கொண்டு 28.5 ஓடுகிறது. குதிரைவலுவில் பெரும்பங்கு அலைக்குப் போகிறது. மென்பொருளில் இரண்டையும் தனித்தனியாக நிரப்பிப் பாருங்கள், அலையில் கரையும் பலம் எத்தனை சதவீதம் என்றே ஒரு வரி வரும். எனக்கு இந்த விஷயம் புத்தகத்தில் ஏறவில்லை, அந்த வரியில் ஏறியது.

வருடத்தையும் கவனிக்க வேண்டும். எந்த வருடத்து எஞ்சின் என்று ஒரு பெட்டி கேட்கும். அதே குதிரைவலு பழைய வருடத்தில் பாரமாகவும் பிந்தைய வருடத்தில் இலேசாகவும் வரும். எம்டன் பிஸ்டன் ஏறி இறங்கும் நீராவி எஞ்சினில் ஓடியது; ஜேர்மனியின் இலகுரக குரூசர்களில் அந்த வகை எஞ்சின் வைத்த கடைசிக் கப்பல் அது. கூடப்பிறந்த டிரெஸ்டனுக்கு டர்பைன். அரெதூசாவுக்கும் டர்பைன்தான்; அது நிலக்கரியையும் விட்டு முழுக்க எண்ணெய்க்கு மாறியது. 1911இல் கப்பல் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு எஞ்சின் பெட்டியில் 1935 என்று போட்டால் எல்லாம் அழகாக வரும். அது ஏமாற்று. பலர் செய்கிறார்கள்.

சரி, பீரங்கி.

மென்பொருளுக்குக் குண்டின் எடையைச் சொல்லாவிட்டால் அதுவாகவே ஒன்றை எடுத்துக்கொள்ளும்: பீரங்கி வாயின் அங்குலத்தை மும்முறை பெருக்கி, இரண்டால் வகுத்தால் வரும் இறாத்தல். 4 அங்குலத்துக்கு 32 இறாத்தல். 6 அங்குலத்துக்கு 108. வாய் ஒன்றரை மடங்கு பெருத்தால் குண்டு மூன்று மடங்குக்கு மேல் பாரம். உண்மையான பிரித்தானிய 6 அங்குலக் குண்டு 100 இறாத்தல், அதாவது 45 கிலோ. ஆக விதி அதிகம் பிசகவில்லை.

இப்போது எம்டனுக்கும் சிட்னிக்கும் திரும்புங்கள். எம்டனிடம் 10 பீரங்கி, சிட்னியிடம் 8. ஆனால் இரண்டிலுமே பல பீரங்கிகள் இடம் ஒன்று வலம் ஒன்றாக நிற்கின்றன, ஒரு பக்கம் திரும்பிச் சுடும்போது மறுபக்கத்துப் பீரங்கிகள் சும்மா இருக்கும். ஒரே பக்கம் சுடக்கூடியது எம்டனில் 5, சிட்னியிலும் 5. சிட்னி ஒரு தடவை சுட்டால் 500 இறாத்தல் போகிறது. எம்டனுக்கு அதில் பாதிகூட இல்லை. எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக்கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். மென்பொருள் அறிக்கையும் முதலில் பீரங்கி எண்ணிக்கையைக் காட்டி, கீழேதான் ஒரு தடவைச் சூட்டின் எடையைக் காட்டுகிறது.

பாடுமீனுக்கு 6 அங்குலம் 8 வைத்தேன், ஆனால் முன்னுக்கு ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு, பின்னுக்கும் அப்படியே இரண்டு, பக்கத்துக்கு இரண்டு. ஒரு பக்கம் 6 பீரங்கி சுடும். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். மேலே தூக்கி வைத்த பீரங்கி இரண்டும் கப்பலின் தலையைக் கனக்க வைத்தன. நிலைப்புக் கணக்கு உடனே சரிந்தது. அதைச் சரிசெய்தது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கவசத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் ஏமாறுகிறார்கள். பக்கக் கவசம் கனமாகவும், மேல்தளத்துக் கவசம் மெல்லிசாகவும் இருப்பதால் தளக் கவசம் எடையில் ஒன்றுமில்லை என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சினும் குண்டறையும் இருக்கிற நடுப்பகுதி 70 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பக்கக் கவசம் 3 மீற்றர் உயரம், இரண்டு பக்கம், 50 மில்லிமீற்றர் தடிப்பு: 420 சதுரமீற்றர், 21 கனமீற்றர் உருக்கு. ஒரு கனமீற்றர் உருக்கு 7.85 தொன். ஆக 165 தொன். தளம் அதே 70 மீற்றர், அகலம் 13, தடிப்பு பாதி, 25 மில்லிமீற்றர்: 910 சதுரமீற்றர், 22.75 கனமீற்றர், 179 தொன். பாதித் தடிப்பு, ஆனால் எடை கூட. கூரைக்கு ஓடு போடுகிற செலவும் சுவருக்குப் பூச்சுப் பூசுகிற செலவும் மாதிரி. பரப்புத்தான் காசைத் தின்கிறது.

பழைய குரூசர்களில் நிலக்கரியை எஞ்சின் அறையின் இரண்டு பக்கமும் அடுக்கி வைத்தார்கள். எரிபொருளாகவும் ஆயிற்று, குண்டைத் தடுக்கவும் ஆயிற்று. எண்ணெய்க்கு மாறியபோது அந்த இலவசச் சுவர் போய்விட்டது. நிலக்கரிக்கு வேறொரு தொல்லை: தீர்ந்தால் நடுக்கடலில் அள்ளி ஏற்ற வேண்டும், கறுப்பாகி, கூடை கூடையாக, நாள் முழுக்க. எம்டன் பிடித்த கப்பல்களின் நிலக்கரியில்தான் அவ்வளவு நாள் ஓடியது. மென்பொருளில் எத்தனை கடல்மைல், எந்த வேகத்தில் என்று கேட்கும். 10 அல்லது 12 நொட் மாதிரி நிதான வேகத்தைப் போடுங்கள். 25 நொட்டில் 5,000 கடல்மைல் என்று போட்டு நிலக்கரியே கப்பலாகிப்போன வடிவமைப்பை என் நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். மரியாதைக்கு 'நல்லா இருக்கு' என்று சொன்னேன்.

நிலைப்புத்தான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

வாவியில் தோணியில் போகிறபோது சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது. எழும்பி நின்றால் தோணி ஆடும். இரண்டு பேர் எழும்பினால் கவிழும். எடை கூடவில்லை, எடையின் உயரம் கூடியது. கப்பலும் அதேதான். எல்லாப் பாரமும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால் அது பாரமையம். கப்பல் சாயும்போது தண்ணீர் அதை நிமிர்த்தித் தள்ளுகிறது. அந்தத் தள்ளு விசைக்கோடுகள் மேலே சந்திக்கிற புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். பாரமையம் அதற்குக் கீழே இருக்கிற வரைக்கும் கப்பல் நிமிரும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வேகமாக நிமிரும்.

அறிக்கையில் நிலைப்பு என்று ஓர் எண் வரும். 1.00க்குக் கீழே போனால் கப்பல் நிற்காது என்று அர்த்தம். மேல் பீரங்கி இரண்டையும் வைத்ததும் பாடுமீன் 0.97க்கு இறங்கியது. பீரங்கியை இறக்க மனமில்லை. அகலத்தை அரை மீற்றர் கூட்டினேன்: 14.5. நிமிர்த்துகிற பலம் நீர்மட்டத்து அகலத்தை மும்முறை பெருக்கினால் வருவதோடு போகிறது. 14.5ஐ 14ஆல் வகுத்து மும்முறை பெருக்கினால் 1.11. அரை மீற்றருக்குப் பதினொரு சதவீதம்! நிலைப்பு மறுபடியும் 1.00ஐத் தாண்டியது. ஆனால் அகலம் கூடினால் எடை கூடும், நீளத்துக்கும் அகலத்துக்குமான விகிதம் குறையும், வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் குதிரைவலு கேட்கும். கேட்டது. கொடுத்தேன். உடல் வலிமை 1.04இலிருந்து 1.01க்கு இறங்கியது. மாமாவின் ஐஸ் பெட்டி.

அப்படியானால் அகலத்தை 18 ஆக்கி ஒரேயடியாக நிம்மதியாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். கூடாது. ஆடும் நேரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: அகலத்தை 0.8ஆல் பெருக்கி, மெட்டாசென்டர் தூரத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 14 மீற்றர் அகலக் கப்பலுக்கு அந்தத் தூரம் 60 சென்ரிமீற்றர் என்றால் ஓர் ஆட்டத்துக்கு 14 செக்கனுக்கு மேல், சோம்பலாக, ஊஞ்சல் மாதிரி. அதுவே 1.2 மீற்றர் என்றால் 10 செக்கன், வெடுக்கென்று. கவிழாது, உண்மை. ஆனால் பீரங்கிக்காரன் குறிவைக்க முடியாது, சமையல்காரன் சட்டியைப் பிடிக்க முடியாது. அதனால் அறிக்கையில் நிலைப்புக்குப் பக்கத்திலேயே 'பீரங்கி மேடையாக எவ்வளவு உறுதி' என்று ஒரு சதவீதம் இருக்கிறது. 50 என்றால் சராசரி. நிலைப்பா உறுதியா, எந்தப் பக்கம் சாய்வது என்று தீர்மானிக்க ஒரு தனிப் பெட்டி உண்டு. பூச்சியத்துக்கும் நூறுக்கும் நடுவில் எங்கேயாவது நிறுத்திக்கொள்ளலாம்.

நீர்மேல் உயரத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்முனையில், முன்தளத்தில், நடுவில், பின்னால் என்று தனித்தனியாகக் கேட்கும். முதலில் நான் எல்லா இடத்திலும் 4 மீற்றர் போட்டுவிட்டுப் போனேன். கப்பலின் முன்பக்கம் எப்போதும் நனைந்தபடி இருக்கும் என்று எச்சரிக்கை வந்தது. வாடைக் காலத்தில் நம் கரையில் நின்று கடலைப் பார்த்தவர்களுக்கு அந்த எச்சரிக்கையை விளக்கத் தேவையில்லை. வங்காள விரிகுடாவுக்கான கப்பல் இது, குளத்துக்கான கப்பல் இல்லை. முன்முனையை 7 மீற்றர் ஆக்கி, பின்னோக்கி இறக்கினேன். கடலோட்டத் தன்மை, அதாவது அலையில் எவ்வளவு நன்றாக ஓடும் என்ற எண், ஏறியது. கூடவே எதிர்பாராத ஒரு நன்மையும் வந்தது: நீளவாக்கு வலிமையும் ஏறியது.

ஏன் என்று யோசித்தேன். இரண்டு கல்லுக்கு நடுவில் ஒரு பலகையைத் தட்டையாகப் போட்டு நடுவில் மிதித்தால் வளையும். அதே பலகையை நிமிர்த்தி விளிம்பில் நிறுத்தி மிதித்தால் அசையாது. கப்பல் பெரிய அலையில் ஏறும்போது சிலசமயம் நடு உடம்பு மட்டும் அலையில், முன்னும் பின்னும் தொங்கும். சிலசமயம் முன்னும் பின்னும் அலையில், நடு தொங்கும். ஒவ்வொரு தடவையும் முதுகு முறியப் பார்க்கிறது. உடம்பு உயரமாக இருந்தால் பலகை நிமிர்ந்து நிற்கிற மாதிரி. நீளமான, ஒல்லியான, தட்டையான கப்பல் ஓடத்தான் அழகு.

டோர்பீடோ குழாய், தேடுவிளக்கு, கண்ணிவெடி இதெல்லாம் சில்லறை எடை, விருப்பப்படி போடுங்கள். ஆட்களை மென்பொருளே எண்ணிச் சொல்லும்.

கடைசியில் என் கோப்பில் எடைப் பங்கீடு இப்படி நின்றது: பீரங்கியும் குண்டும் 220 தொன் அளவில், கவசம் 380, எஞ்சினும் கொதிகலனும் 1,100, நிலக்கரி 650, சில்லறை 50. உடம்புக்கு மிஞ்சியது 2,500 தொன்னுக்குக் கிட்ட, மொத்தத்தில் பாதி. போர்க்கப்பல் என்றதும் நாம் நினைக்கிற பீரங்கி, மொத்த எடையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் அந்தப் பீரங்கியைச் சரியான நேரத்துக்குச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகிற கூலி.

மென்பொருளுக்குத் தெரியாத விஷயங்களும் நிறைய. பக்கத்துப் பீரங்கி முன்னோக்கிச் சுட்டால் மேல்தளத்துக் கண்ணாடி நொறுங்குமா என்று அது கேட்காது. புகைபோக்கிக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்காது. காகிதத்தில் பக்கவாட்டுப் படம் ஒன்று வரைந்து பார்த்தால்தான் எஞ்சின் அறை இருக்க வேண்டிய இடத்தில் குண்டறை உட்கார்ந்திருப்பது தெரியும். எனக்கு இரண்டு தடவை அப்படி நடந்தது. கோப்பை அடிக்கடி சேமித்துக்கொள்வதும் நல்லது. மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, என் மடிக்கணினியின் பற்றரியோ எப்போதோ செத்துவிட்டது.

அன்றைக்குப் பின்னேரம் பூச்சு வேலை முடிந்து, வெளிச்சவீட்டுப் பக்கம் நிழலில் இருந்தபோது பாடுமீனைப் பற்றி மாமாவிடம் சொன்னேன். இந்த வெளிச்சவீடு 1913இல் கட்டியது, ஏறக்குறைய என் கப்பலின் வயசு. மாமா பீரங்கியைக் கேட்கவில்லை, வேகத்தைக் கேட்கவில்லை.

"தண்ணிக்குள்ள எவ்வளவு நிக்கும்?"

"அஞ்சு மீற்றர், மாமா."

அவர் முகத்துவாரத்தைத் திரும்பிப் பார்த்தார். மணல் ஏறி வாய் அடைத்துக் கிடந்தது. மழை வந்து வெட்டிவிடுகிற வரைக்கும் அவருடைய படகே அதால் போகாது.

"அப்ப திருகோணமலையிலதான் கட்டி வைக்கணும்" என்றார்.